டொமைன் பெயரும் வெப்சைட் முகவரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு கடைகள், பள்ளிகள், அறக்கட்டளைகள் போன்றவற்றுக்கு வெப்சைட் பார்த்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. முகவரிகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்காகக் காட்டும் கடை முகவரிகளும் போலி முகவரிகளும் கற்பனை. தட்டிப் பார்க்க வேண்டாம்.

டொமைனும் வெப்சைட்டும் ஒன்றுதானா?

இல்லை. டொமைன் என்பது வெறும் பெயர். வெப்சைட் என்பது எங்கோ ஒரு சர்வரில், அதாவது எந்நேரமும் இணையத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில், கிடக்கும் பக்கங்களும் படங்களும். பெயரை ஒரு நிறுவனத்தில் வாங்கி, பக்கங்களை வேறொரு நிறுவனத்தின் சர்வரில் வைக்கலாம். ஹோஸ்டிங் என்று தனியாக ஒரு பில் வருகிறதே, அது இரண்டாவதுக்கு. வெப்சைட்டே போடாமல் டொமைனை மட்டும் வாங்கி வைத்திருப்பவர்களும் நிறைய உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பிரச்சினைகள் வருகின்றன. ஹோஸ்டிங்குக்குப் பணம் கட்டிவிட்டு, டொமைனுக்கும் கட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பது அதில் ஒன்று.

கம்ப்யூட்டருக்கு எண்தானே வேண்டும்? பெயர் எதற்கு?

பெயர் நமக்காகத்தான். இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் ஐபி முகவரி என்று ஓர் எண் உண்டு, 8.8.8.8 மாதிரி. அதை யார் மனப்பாடம் செய்வது? தவிர, சர்வரை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். பெயர் மாறாமல் இருக்கும்.

ஆரம்பத்தில் எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிதாகக் கம்ப்யூட்டர் வைப்பவர்கள் அவர்களிடம் சொல்லிப் பெயரைச் சேர்க்க வேண்டும். மற்றவர்கள் அவ்வப்போது அந்தக் கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், ஜான் போஸ்டலின் தூண்டுதலில், இப்போதுள்ள டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். ஒரே கோப்பாக இருந்ததைப் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுத்ததுதான் அதன் சாமர்த்தியம். டாட் காம் பெயர்களை ஒருவர் பார்த்துக்கொள்வார், டாட் இன் பெயர்களை இன்னொருவர், உங்கள் டொமைனுக்குள் இருப்பதை நீங்களே. முதன்முதலில் பதிவான டாட் காம் பெயர் சிம்பாலிக்ஸ்.காம், தேதி 1985 மார்ச் 15.

முகவரியைத் தட்டியவுடன் உள்ளே என்ன நடக்கிறது?

உங்கள் போன் முதலில் உங்கள் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரிடம், “இந்தப் பெயருக்கு என்ன எண்?” என்று கேட்கும். ஏற்கெனவே யாராவது கேட்டுப் பதில் கைவசம் இருந்தால் உடனே சொல்லிவிடும். இல்லாவிட்டால் அது எல்லா முடிவுகளுக்கும் மேலே இருக்கும் ரூட் சர்வரிடம் போகும். ரூட் சர்வருக்கு உங்கள் கடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. “டாட் இன் விவகாரமெல்லாம் அங்கே கேள்” என்று கைகாட்டும். டாட் இன் சர்வர், “அந்தப் பெயருக்குப் பொறுப்பான நேம்சர்வர் இது” என்று சொல்லும். அந்த நேம்சர்வர்தான் எண்ணைத் தரும். இத்தனையும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

ரூட் சர்வர்கள் மொத்தமே 13 என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். பெயர்கள்தான் 13, ஏ முதல் எம் வரை. நடத்துபவை 12 அமைப்புகள். ஒவ்வொரு பெயருக்கும் உலகமெங்கும் நகல்கள் உண்டு, சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல். சென்னையிலும் இருக்கின்றன.

முழ நீளத்துக்கு இருக்கும் முகவரியை எப்படிப் பிரித்துப் படிப்பது?

இதோ ஒன்று:

எச்டிடிபிஎஸ்://சந்தா.மலர்க்கடை.இந்தியா/மாலை/மல்லிகை?அளவு=5#விலை

எச்டிடிபிஎஸ் என்பது எந்த முறையில் பேசுவது என்பதைச் சொல்கிறது. கடைசியில் உள்ள எஸ் என்றால் போகும் வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்புகிறது என்று பொருள். அடுத்து வரும் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பெரிய அர்த்தம் எதுவும் கிடையாது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீயே, அது இல்லாமலும் வடிவமைத்திருக்கலாம் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு அடுத்த சாய்கோடு வரும் வரை உள்ளது, அதாவது “சந்தா.மலர்க்கடை.இந்தியா”, இதுதான் உயிர்நாடி. இதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். தபால்காரர் கடிதத்தைப் பிரிக்கும்போது கடைசி வரியில் உள்ள பின்கோடையும் ஊரையும் முதலில் பார்த்துவிட்டு, தெருவையும் வீட்டு எண்ணையும் பிறகு பார்ப்பதைப் போல. வலது ஓரத்தில் “இந்தியா”. அதற்கு இடது பக்கம் “மலர்க்கடை”. காசு கொடுத்துப் பதிவு செய்தது இந்த இரண்டும் சேர்ந்த பெயரைத்தான். அதற்கும் இடப்பக்கம் உள்ள “சந்தா” கடைக்காரர் தானாக வைத்துக்கொண்டது. சப்டொமைன் என்பார்கள். அவர் விரும்பினால் அங்கே என்ன சொல்லை வேண்டுமானாலும் போடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விக்கு இதுதான் பதில்.

முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குப் பிறகு வருவது அந்த சர்வருக்குள் எந்தப் பக்கம் என்பது. கேள்விக்குறிக்குப் பிறகு வருவது பக்கத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விவரம். யாராவது அனுப்பும் லிங்க் நாலு வரிக்கு நீள்வது பெரும்பாலும் இந்தப் பகுதியால்தான். நீங்கள் எந்த விளம்பரத்திலிருந்து வந்தீர்கள் என்று கண்காணிக்கும் சங்கதிகளெல்லாம் இதில் ஒட்டிக்கொண்டு வரும். # குறிக்குப் பிறகு இருப்பது பக்கத்தின் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பது. அது சர்வருக்குப் போவதே இல்லை, பிரவுசரோடு நின்றுவிடும்.

எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்க் உண்மையானதா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் லிங்க்குகளை எடுத்துக்கொள்வோம். உண்மையான இ-சலான் தளம் பரிவாஹன்.கவ்.இன் என்ற பெயருக்குள் இருக்கிறது. போலி லிங்க் எப்படி வரும்?

எச்டிடிபிஎஸ்://பரிவாஹன்.கவ்.இன்.ஃபைன்-பே.டாப்/சலான்

அவசரத்தில் பார்த்தால் இடது பக்கம் “பரிவாஹன்.கவ்.இன்” தெளிவாகத் தெரிகிறது. போன் திரையில் இடமும் குறைவு, மீதி மறைந்தே போய்விடும். இப்போது வலமிருந்து படியுங்கள்: டாப், அதற்கு முன் ஃபைன்-பே. பதிவு செய்யப்பட்ட பெயர் “ஃபைன்-பே.டாப்”. முன்னால் உள்ள பரிவாஹன், கவ், இன் மூன்றும் அந்த ஆள் இலவசமாக ஒட்டவைத்த சப்டொமைன்கள்.

இன்னும் சில வேலைகள் உண்டு. நம்பகமான பெயரைச் சாய்கோட்டுக்குப் பின்னால் போடுவது: “ஃபைன்-பே.டாப்/பரிவாஹன்.கவ்.இன்”. அது வெறும் பக்கத்தின் பெயர். @ குறி போடுவது: “பரிவாஹன்.கவ்.இன்@ஃபைன்-பே.டாப்”. இதில் @ குறிக்கு முன்னால் இருப்பதை பிரவுசர் பயனர் பெயராக எடுத்துக்கொள்ளும், போகுமிடம் @ குறிக்குப் பின்னால் இருப்பதுதான். புள்ளிக்குப் பதில் சிறுகோடு போடுவது இன்னொன்று: “பரிவாஹன்-கவ்-இன்.டாப்”. இவை எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றே. முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடது பக்கமாகப் படிக்க வேண்டும். நடுவில் @ குறி வந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும்.

ஒரு சின்னத் திருத்தம். வலது ஓரத்தில் “கோ.இன்”, “கவ்.இன்”, “ஏசி.இன்” போல இரண்டு துண்டுகள் ஜோடியாக வந்தால் அந்த ஜோடியை ஒன்றாக எண்ணி, அதற்கு முந்தையதைப் பாருங்கள். இதில் கவ்.இன் அரசுக்கு மட்டும், ஏசி.இன் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். கோ.இன் யார் கேட்டாலும் கிடைக்கும். அதை வைத்து யாரையும் நம்பிவிடாதீர்கள்.

சுருக்கி அனுப்பும் லிங்க்குகளில் இந்த வித்தை பலிக்காது, உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். பணம் கேட்டு வரும் செய்தியில் சுருக்கிய லிங்க் இருந்தால் நான் தொடுவதே இல்லை. ஏபிகே என்ற ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பை இறக்கச் சொன்னால் முகவரியைப் பார்க்கவே வேண்டாம், செய்தியை அழித்துவிடலாம்.

பூட்டுச் சின்னம் இருந்தால் பாதுகாப்பானதுதானே?

போகும் வழி பாதுகாப்பானது, அவ்வளவுதான். எதிரே இருப்பவன் யோக்கியனா என்று பூட்டு சொல்லாது. எச்டிடிபிஎஸ் சான்றிதழ் இப்போது இலவசமாக, சில நிமிடங்களில் கிடைக்கிறது, மோசடிக்காரரும் வாங்கிக்கொள்கிறார். மக்கள் பூட்டைப் பார்த்து ஏமாறுகிறார்கள் என்பதால்தான் 2023-இல் குரோம் பிரவுசர் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

வங்கி முகவரிகள் திடீரென்று மாறிவிட்டனவே, அது நிஜமா?

நிஜம்தான். வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் “பேங்க்.இன்” என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முடிவுள்ள பெயரை ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற நிறுவனம்தான் தருகிறது, அதுவும் வங்கிகளுக்கு மட்டும். எனவே இனி பார்க்க வேண்டியது சுலபம்: முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் “.பேங்க்.இன்” இருக்க வேண்டும். “பேங்க்-இன்.காம்” என்றோ “பேங்க்.இன்.நெட்” என்றோ வந்தால் அது வேறு யாரோ. சாமானியர்களுக்கு உண்மையிலேயே பயன்படும் ஏற்பாடு இது. பத்து ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கலாம்.

முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ கட்டாயமா?

இல்லை. அதுவும் ஒரு சப்டொமைன்தான், பழக்கத்தால் வந்தது. உங்கள் தளம் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறக்கும்படி அமைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டா?

டொமைனில் கிடையாது. சாய்கோட்டுக்குப் பிறகு வரும் பகுதியில் இருக்கலாம். அது அந்த சர்வரைப் பொறுத்தது.

டாட் காம் வாங்குவதா, டாட் இன் வாங்குவதா?

உள்ளூரில் வியாபாரம் என்றால் டாட் இன் போதும். 2005-இலிருந்து அதை நிக்ஸி என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்கலாம். டாட் காம் கிடைத்தால் அதையும் சேர்த்து வாங்கி, இரண்டும் ஒரே தளத்துக்குப் போகும்படி வைத்துவிடலாம். மக்களின் விரல் பழக்கத்தில் டாட் காம்தான் வரும் என்பதால் இப்படிச் சொல்கிறேன். கூகுளில் மேலே வருவதற்கு டாட் காம்தான் வேண்டும் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம்.

இரண்டெழுத்து முடிவுகள் எல்லாம் ஏதாவது ஒரு நாட்டுக்கோ நிலப்பகுதிக்கோ உரியவை. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் முண்டியடித்து வாங்கும் டாட் ஏஐ, கரீபியனில் உள்ள அங்குவிலா என்ற சின்னத் தீவுக்குரியது. அந்தத் தீவுக்கு இதனால் நல்ல வருமானம். டாட் டிவி, பசிபிக்கில் உள்ள துவாலுவுடையது. டாட் ஐஓ, மாலத்தீவுக்குத் தெற்கே உள்ள சாகோஸ் தீவுகளைக் கொண்ட பிரிட்டிஷ் பகுதிக்குக் கொடுக்கப்பட்டது. அந்தந்த இடத்து விதிகளும் அரசியலும் உங்கள் முகவரியையும் பாதிக்கலாம். யுகோஸ்லாவியா உடைந்த பிறகு அதன் டாட் ஒய்யூ 2010-இல் நிறுத்தப்பட்டது.

தமிழ் எழுத்திலேயே முகவரி வாங்க முடியுமா?

முடியும். 2010, 2011 வாக்கில் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா என்ற மூன்று முடிவுகளும் தமிழ் எழுத்தில் இணையத்துக்குள் வந்துவிட்டன. மலேசியாவுக்கு, மலாய் மொழியை அரபு வடிவில் எழுதும் ஜாவி எழுத்தில் உண்டு, தமிழில் கிடையாது.

உள்ளுக்குள் டிஎன்எஸ்ஸுக்கு இன்னும் ஆங்கில எழுத்தும் எண்ணும் சிறுகோடும்தான் தெரியும். அதனால் தமிழ்ப் பெயரை பிரவுசர் “எக்ஸ்என்--” என்று தொடங்கும் வாயில் நுழையாத சரமாக மாற்றி அனுப்புகிறது. லிங்க்கை நகலெடுத்து ஒட்டும்போது சில நேரம் அந்தச் சரம் வெளியே தெரிந்துவிடும். வைரஸோ என்று பயப்பட வேண்டாம்.

தமிழ் டொமைனில் ஒரு நுணுக்கம் உண்டு, அதைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. நம் ஊரில் பாதிக் கடைகளின் பெயர் “ஸ்ரீ” என்றுதான் தொடங்கும். இந்த எழுத்தை, கம்ப்யூட்டரில் எழுத்துகளைக் குறிக்கும் யுனிகோடு முறையில் இரண்டு விதமாக உள்ளிட முடியும்: ஸ வைத்து ஒன்று, ஶ வைத்து இன்னொன்று. திரையில் பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு பெயர். “ஔ” என்பதை ஒ, ள என்று தனித்தனியாகத் தட்டினாலும் இதே கதை. உங்கள் வாடிக்கையாளரின் கீபோர்டு எதைத் தரும் என்று நமக்குத் தெரியாது. அதனால் அந்த எழுத்துகள் வராத பெயராகத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆங்கிலத்திலும் இந்தத் தொல்லை உண்டு. 2017-இல் ஓர் ஆராய்ச்சியாளர், பார்வைக்கு ஆப்பிள்.காம் போலவே தெரியும் முகவரியை ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்துகளால் பதிவு செய்து காட்டினார். அதன் பிறகு பிரவுசர்கள் கட்டுப்பாட்டை இறுக்கின.

நடைமுறையில், தமிழ் முகவரியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. படிவங்கள் பல, தமிழ் இமெயில் முகவரியைக் கொடுத்தால் “தவறான முகவரி” என்று திருப்பிவிடுகின்றன. தட்டச்சுச் சிக்கலும் இருக்கிறது. போர்டில், நோட்டீஸில் போட அழகாக இருக்கும்.

ஒருமுறை வாங்கினால் டொமைன் நிரந்தரமாக நமக்கா?

கிடையாது. வாடகை மாதிரிதான். டாட் காம் போன்றவற்றை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கு எடுக்கலாம். பிறகு புதுப்பிக்க வேண்டும். முதல் ஆண்டு 99 ரூபாய் என்று விளம்பரம் வந்தால், இரண்டாம் ஆண்டு எவ்வளவு என்பதைத் தேடிப் பாருங்கள். அந்த விலைதான் உண்மையான விலை. 1995 வரை டொமைன் பதிவு இலவசமாகவே இருந்தது என்பதை இப்போது சொன்னால் வயிற்றெரிச்சல்தான்.

வெப்சைட் செய்தவரே டொமைனும் வாங்கிக் கொடுத்துவிட்டார். ஏதாவது பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

டொமைன் யார் பெயரில், யார் இமெயிலில், யார் கணக்கில் பதிவாகியிருக்கிறது? செய்து கொடுத்தவரின் கணக்கில் இருந்தால், டொமைனை விற்ற நிறுவனத்தைப் பொறுத்தவரை அது அவருடையதுதான். அவர் துபாய்க்கு வேலைக்குப் போய்விடலாம், போனை எடுக்காமல் இருக்கலாம், மனஸ்தாபத்தில் விடமாட்டேன் என்றும் சொல்லலாம். நான் பார்த்த ஒரு துணிக்கடையில், பில் புத்தகம், பை, பெயர்ப் பலகை எல்லாவற்றிலும் அச்சடித்த முகவரி இப்படிக் கைவிட்டுப் போனது. காசு கொடுத்த ரசீது இருந்தது, ஆனால் கணக்கு கடைக்காரருடையது இல்லை.

உங்கள் இமெயிலில், உங்கள் போன் எண்ணில் கணக்குத் தொடங்கி, உங்கள் கார்டில் பணம் கட்டுங்கள். செய்து கொடுப்பவருக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே அவரிடம் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். டொமைன் வேறு கைக்கு மாறாதபடி போட்டிருக்கும் பூட்டை நீக்கி, ஆத் கோட் என்ற ரகசியக் குறியீட்டை அவர் தந்தால் போதும். இன்னொன்று: பதிவுக்குக் கொடுக்கும் இமெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த இமெயிலும் நின்றுவிடும், எச்சரிக்கை எங்கே வந்து சேரும்?

புதுப்பிக்க மறந்துவிட்டேன். போயே போச்சா?

உடனே போகாது. டாட் காம் போன்றவற்றில், விற்ற நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்திலேயே மீட்க வாய்ப்பு இருக்கும். அதைத் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம், அதில் அபராதம் கடுமையாக இருக்கும். அதற்குப் பிறகு 5 நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும். நல்ல பெயர்களை அந்த நொடியில் அள்ளுவதற்கென்றே மென்பொருள் வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய பள்ளிக்கூட முகவரியைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருவது இப்படித்தான்.

மறதி பெரிய இடத்திலும் உண்டு. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட்.காம் பெயரைப் புதுப்பிக்கத் தவறியது. அதன் வழியாகத்தான் நுழைய வேண்டியிருந்த ஹாட்மெயிலுக்குள் பலரால் போக முடியவில்லை. கடைசியில் ஒரு லினக்ஸ் நிரலாளர் தன் கார்டில் 35 டாலர் கட்டிச் சரிசெய்தார்.

என் நிறுவனப் பெயரில் வேறொருவர் டொமைன் வாங்கிவிட்டார். என்ன செய்யலாம்?

முந்துபவருக்கே பெயர் என்பது பொது விதி. ஆனால் உங்கள் பெயரின் மதிப்பைத் திருடும் நோக்கத்தோடு வாங்கியிருந்தால் வழி இருக்கிறது. இந்தியாவில் இதற்கு அடித்தளம் 2004-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் “சிஃபி” பெயரைப் போலவே இன்னொரு நிறுவனம் ஓர் எழுத்தைக் கூட்டிப் பதிவு செய்திருந்தது. டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்தைப் போன்ற பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. டாட் இன் பெயர்களுக்கு ஐஎன்டிஆர்பி, டாட் காம் போன்றவற்றுக்கு யுடிஆர்பி என்று நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துக்கொள்ளும் முறைகளும் உள்ளன. செலவு உண்டு. சிறு கடை என்றால், இதற்கு அலைவதைவிட வேறு பெயர் பார்ப்பது லாபம்.

சர்வரை மாற்றிவிட்டோம். எனக்குப் புதுத் தளம் தெரிகிறது, அண்ணனுக்குப் பழையதே தெரிகிறதே?

அவருடைய இணைய நிறுவனம் பழைய எண்ணை நினைவில் வைத்திருக்கிறது. எத்தனை நேரம் வைத்திருக்கலாம் என்று டிஎன்எஸ்ஸில் உள்ள ஒவ்வொரு பதிவிலும் ஒரு கால அளவு குறிக்கப்பட்டிருக்கும், டிடிஎல் என்பார்கள். மாற்றுவதற்கு முந்தைய நாளே அதை 5 நிமிடம் போலக் குறைத்து வைத்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இருக்காது. பழைய ஹோஸ்டிங்கை இரண்டு மூன்று நாள் விட்டு ரத்து செய்யுங்கள்.

சர்வர் நன்றாக ஓடும்போதே தளம் திறக்காமல் போகுமா?

போகும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போயின. சர்வர்கள் எங்கும் போகவில்லை. பராமரிப்பின்போது நடந்த தவறால் அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்களை அடையும் பாதை இணையத்திலிருந்து விலகிவிட்டது. பெயருக்கு எண் சொல்ல ஆள் இல்லை.

உங்கள் அளவில் இது அடிக்கடி நடப்பது இமெயிலில். ஹோஸ்டிங் மாற்றும்போது நேம்சர்வரையும் மாற்றுவார்கள்; வெப்சைட்டுக்கான பதிவு புது இடத்தில் இருக்கும், மெயிலுக்கான எம்எக்ஸ் பதிவைக் கொண்டுபோக மறந்திருப்பார்கள். தளம் பளிச்சென்று திறக்கும், ஆர்டர் மெயில்கள் மட்டும் வராது. மாற்றுவதற்கு முன் பழைய டிஎன்எஸ் பதிவுகள் முழுவதையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.